தொட்டியில் பூச்சி

என் மாமனார் வெள்ளைத்துரை காலையில் எழுந்ததும் முதலில் பேசுவது ஏலச்செடியிடம்தான். வீட்டில் இருக்கிற எங்களிடம் பேச அவருக்கு மத்தியானம் ஆகிவிடும். போடிமெட்டுக்குக் கீழே மலைச்சரிவில் ஒரு ஏக்கர், அதற்குள்ளேயே வீடு. என் கணவர் பிரபாகரன் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறார். பகலெல்லாம் கொண்டை ஊசி வளைவுகளில்தான் அவர் குடித்தனம்.

நான் தோட்டத்துக்கு மேலே இருக்கிற லாட்ஜில் வேலை பார்க்கிறேன். டூரிஸ்டுகள் குளித்து, துவைத்து, கழித்து விடுகிற தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகள் என் பொறுப்பு. "டிப்ளமோ படிச்சிட்டு இந்த வேலையா தமிழ்செல்வி?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "நீங்க யாரும் கக்கூசு போகலைன்னா நாளைக்கே விட்டுர்றேன்" என்பேன். அப்புறம் கேட்க மாட்டார்கள்.

உண்மையில் அங்கே வேலை செய்வது நான் இல்லை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். பெரிய தொட்டியின் அடியிலிருந்து ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காற்றில் அவை பெருகி, பழுப்பு நிறத்தில் திரிதிரியாகத் திரண்டு, அழுக்கைத் தின்று தீர்க்கும். அடுத்த தொட்டியில் அவை கீழே படிந்துவிட, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அழுக்கைத் தின்பது ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தைத் தின்று அளவாக வைத்திருப்பது இன்னொரு கூட்டம். மோட்டார் பொருத்த வந்த மதுரை என்ஜினியர், எங்களுக்கு விளங்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் 'பூச்சி' என்று ஒரே பெயர் வைத்துவிட்டுப் போனார். லாட்ஜில் அதுவே நிலைத்துவிட்டது. பூச்சிக்கு இன்றைக்குச் சாப்பாடு போதவில்லை, பூச்சிக்குக் காற்றுக் குறைகிறது என்றுதான் எல்லோரும் பேசுவோம்.

தெளிந்த தண்ணீர் குழாய் வழியாக எங்கள் தோட்டத்துக்கு வரும். லாட்ஜ் முதலாளி ராஜா முகம்மது போடிக்காரர், ஏலக்காய் வியாபாரக் குடும்பம். "ஓடையில விட்டு என்ன ஆகப்போகுது, உங்க செடி குடிக்கட்டும்மா" என்று அவரே குழாய் பதித்துக் கொடுத்தார்.

இந்த வருடம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. ஓடையில் கல்தான் கிடந்தது. சுற்றிலும் இருந்த தோட்டங்களில் செடிகள் தீய்ந்து போய், வெறும் தட்டை தட்டையாக நின்றன. எங்கள் ஒரு ஏக்கர் மட்டும் பச்சை. தூரிலிருந்து சரம் ஓடி, பூ எடுக்கத் தொடங்கியிருந்தது. மேலே லாட்ஜில் கூட்டம் கூடக்கூட மாமா முகம் மலரும். "இன்னைக்கு எத்தனை காரு ஆத்தா வந்துருக்கு?" என்று கேட்பார். சென்னைக்காரர்கள் இரண்டு வேளை குளித்தால் அவருக்கு அன்று திருவிழா.

என் மகள் பவித்ராவுக்குக் காய்ச்சல் கண்டதால் ஒருநாள் அவளை டாக்டரிடம் காட்டப் போடிக்குப் போயிருந்தேன். தொட்டியைப் பார்த்துக்கொண்டது லாட்ஜில் ரூம் புக்கிங் பார்க்கும் கார்த்திகா. ஒரு நீளமான கண்ணாடிக் குவளையில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்து, எவ்வளவு படிகிறது என்று பார்ப்பது மட்டும்தான் அவள் வேலை. அன்று அருமையாகப் படிந்திருக்கிறது. குழாயைப் பார்க்க மேலே ஏறி வந்த மாமா அவளிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். பிறகு அவளே அழுதுகொண்டு என்னிடம் சொன்னது இது.

"என்னம்மா அதுல உத்து உத்துப் பாக்குற?"

"பூச்சி பாக்குறேன் தாத்தா. சூப்பராப் பெருகிருக்கு."

"எங்க தோட்டத்துக்கு வர்ற தண்ணியிலயா?"

"ஆமா. கோடிக்கணக்குல இருக்கும்."

பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறாள், பாவம். ஆனால் கேட்டவர் யார்? இலைப்பேனோடும் தண்டுத் துளைப்பானோடும் மல்லுக்கட்டியே தலை நரைத்தவர். ஏலத்தோட்டத்துக்காரன் காதில் பூச்சி என்று விழுந்தால், அடுத்து அவன் வாயில் வருகிற சொல் மருந்து. மாமா சரிவில் இறங்கி ஓடி, அடுத்த அடிப்புக்கு வைத்திருந்த மருந்து கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்ப ஏறியிருக்கிறார். தொட்டி கொப்பளித்துக்கொண்டிருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று, கலக்கக் குச்சி தேட வேண்டியதில்லை. கார்த்திகா புக்கிங் மேஜைக்குத் திரும்பியிருந்தாள், தடுக்க ஆள் இல்லை. முழுக் கேனையும் ஊற்றிவிட்டார்.

நான் வீட்டுக்குள் நுழைவதற்குள் மாமா வாசலுக்கே வந்துவிட்டார். மத்தியானம் வரை பேசாத மனிதர் அன்று எனக்காகக் காத்திருந்தார்.

"நீ இல்லாத நேரமாப் பாத்துத் தொட்டியில பூச்சி விழுந்துருச்சு ஆத்தா. நல்லவேள, நாங் கண்டேன். வெரசாப் போயி மருந்த ஊத்திட்டேன். இனிமேப் பயமில்ல."

குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். முதலில் தோட்டத்துக்குப் போகும் வால்வை அடைத்தேன். தொட்டி முழுக்க வெள்ளை நுரை. அதை விலக்கிப் பார்த்தால், பழுப்பாக இருந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. மழை பெய்த மண்போல் மணக்கிற இடத்தில் மருந்து வாடை அடித்தது. கத்துவதற்கு வாயைத் திறந்துகொண்டு திரும்பினால், குழந்தையை இடுப்பில் வைத்தபடி மூச்சு வாங்க நிற்கிறார். நான் சபாஷ் சொல்வேன் என்று அந்த முகம் எதிர்பார்த்தது. எனக்குக் கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும்.

அன்று, அந்தப் பூச்சி எதற்கு இருந்தது என்று மெல்லத்தான் சொன்னேன். அவர் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார்.

"பூச்சியில நல்ல பூச்சியும் உண்டுமா ஆத்தா?"

"உண்டு மாமா. அதுதான் நம்ம தண்ணியச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்துச்சு."

"எல்லாமா செத்துருச்சு?"

அதற்குப் பதிலை நாற்றமே சொல்லிவிட்டது. லாட்ஜில் தங்கியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு காரை எடுத்தார்கள். ராஜா முகம்மது வந்து பார்த்தார். "பெரிய மனுசன், தெரியாமச் செஞ்சுட்டாரு. ஆக வேண்டியதப் பாரும்மா" என்று சொல்லி, அந்தத் தண்ணீரை அள்ளிப்போக லாரி வரவழைத்தார். அவராவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

தொட்டியைக் காலி செய்து கழுவினோம். தேனியில் ஒரு ஆஸ்பத்திரியின் தொட்டியிலிருந்து உயிருள்ள கசடை டிரம்களில் நிரப்பி, பிரபாகரன் ஜீப்பில் ஏற்றி வந்தார். அதில் சாணமும் வெல்லமும் கரைத்து ஊற்றிக் காற்றை ஊதினேன். இரண்டு நாள் பழுப்பாக இருந்தது. பிறகு அதுவும் சாம்பலாகிவிட்டது. மூலைமுடுக்கில் ஒட்டியிருந்த மருந்து புதிதாக வந்ததையும் கொன்றுவிட்டது. மறுபடி கழுவல், மறுபடி தேனி, மறுபடி சாணம். இதில் அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவை தாமாகப் பெருக வேண்டும். நான் கரையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான் என் படிப்பு.

கீழே இலைகள் சுருண்டன. போடியிலிருந்து வருகிற தண்ணி லாரி லாட்ஜுக்கே பற்றவில்லை. பற்றினாலும் சரிவில் இறங்காது. மாமா குளிப்பதை நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீரை வாசல் பக்கத்துச் செடிக்கு ஊற்றினார். மற்ற செடிகளிடம் அவர் பேசுவதும் நின்றுபோனது. தினமும் மேலே ஏறி வருவார், தொட்டி ஓரம் குத்தவைப்பார்.

"உசுரு வந்துருச்சா?"

"இன்னும் இல்ல மாமா."

ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியே தொறந்து விடு ஆத்தா. நாத்தமா இருந்தா என்ன, தண்ணிதானே?"

"வேர் அழுகிரும் மாமா. அதுல மருந்தும் இருக்கு."

"தண்ணி இல்லாம மட்டும் பொழைக்குமா?"

பிழைக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திறந்தாலும் சாகும், திறக்காவிட்டாலும் சாகும் என்கிறபோது, வால்வுப் பூட்டின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டேன் என்று சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. மாமா என் கையை விட்டுவிட்டு இறங்கிப் போனார். மறுநாளிலிருந்து மேலே வரவில்லை.

பிறகு ஒரு காலையில் தொட்டிப் பக்கம் போகும்போதே மண் வாசனை அடித்தது. ஓடிப்போய்க் குவளையில் மொண்டு வைத்தேன். பழுப்புத் திரிகள் நிதானமாக இறங்கின. மேலே தண்ணீர் தெளிந்தது. ஒரு சொட்டை எடுத்து, தொட்டியைச் சோதிக்க லாட்ஜில் வைத்திருக்கிற மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். திரியில் காம்பை ஊன்றிக்கொண்டு, சின்ன மணி மாதிரி ஓர் உயிர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அது வந்துவிட்டால் தொட்டிக்கு உயிர் வந்துவிட்டது என்று பொருள். நான் விம்மி அழுதேன். கார்த்திகாவும் அழுதாள். தெளிந்த தண்ணீர் சேர்ந்திருந்தது. வால்வைத் திறந்துவிட்டு, தண்ணீருக்கு முன்னால் போய்ச் சொல்ல வேண்டும் என்று சரிவில் ஓடினேன்.

மாமா அரிவாளோடு நின்றார். காய்ந்த செடிகளைத் தூரோடு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். பாதித் தோட்டம் தரையில் கிடந்தது. வாசல் பக்கத்துச் செடியையும் வெட்டியிருந்தார். மிச்சம் நின்றதில் ஒரு பச்சை இலை இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை.

"என்ன ஆத்தா, இப்படி ஓடியாற?"

"சும்மாதான் மாமா."

அதற்குள் குழாய் வாயில் சலசலவென்று சத்தம் கேட்டது. தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, சருகைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் காலடியில் நின்றது. மாமா குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"வாடையே இல்ல" என்றார்.

அரிவாளைக் கீழே வைத்தார். பழகிய கை, தானாக மண்ணை ஒதுக்கி வழி விட்டது. தண்ணீர் வெட்டிய தூரைச் சுற்றி ஓடி நிரம்பியது. அடுத்த தூருக்குத் திருப்பப் போனவர் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கிட்டு ஆத்தா விட?"