மாமா ஏறிய படகு

பெராஸ்தாகி மலைச் சந்தையில் ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் ஜோங்கி விலை கேட்கவில்லை. அவளுடைய குலம் என்ன என்றுதான் கேட்டான். அவள் சொன்னதும் தான் சினாகா குலம் என்றான். பேசிப் பேசி, அவளுடைய அக்காளைக் கட்டியவரும் சினாகா குலம் என்று கண்டுபிடித்துவிட்டான். அப்புறமென்ன, அக்காளின் கொழுந்தனிடம் யார் பேரம் பேசுவார்கள்? பை நிறையப் பழமும் அதற்கு மேல் கை நிறையச் சும்மாவும் கிடைத்தது.

மேடான் நகரத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கும் மூன்று பேர் அவர்கள். ஜோங்கி, மங்காரா, அரிஃபின். சேர்த்து வைத்த விடுமுறையில் இரண்டு பைக்கில் கிளம்பியிருந்தார்கள். மலையேறிக் குளிரைப் பார்ப்பது, அருவியைப் பார்ப்பது, ஏரியைத் தாண்டித் தீவுக்குப் போவது, சுற்றிக்கொண்டு ஊர் திரும்புவது என்று திட்டம். ஜோங்கியின் பைக் புதிது. மங்காரா ஓட்டி வந்தது அவனுடைய மச்சானின் பைக். ஜோங்கியும் மங்காராவும் எங்கள் இனத்து ஆட்கள். அரிஃபின் மலாய்க்காரன். அவர்களிடம் எங்களைப் போலக் குலம் கிடையாது. வழியெல்லாம் ஜோங்கி உறவு கொண்டாடுவதை அவன் பின் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான்.

எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் முதலில் குலத்தைத்தான் கேட்போம். நல்ல பழக்கம்தான். தெரியாத ஊரில் படுக்கப் பாயும் சாப்பிடத் தட்டும் கிடைக்கும். ஆனால் ஜோங்கி அதைச் சாவிக்கொத்து மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தான். பூட்டிய கதவெல்லாம் தனக்கு மட்டும் திறக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

அன்று இரவு தங்கப்போன விடுதியில் ஏரியைப் பார்த்த அறை ஒன்றே ஒன்று இருந்தது. அதை ஒரு குடும்பம் முன்பே பதிந்துவிட்டது. விடுதிக்காரர் ஜோங்கிக்கு மச்சான் முறை என்று தெரிந்ததும், அந்த அறையில் குழாய் பழுது என்று சொல்லி அவர்களைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர்களுடைய சின்னப் பெண், ஏரி எங்கே என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே போனாள். நான் தனியாக வந்திருந்தால் எனக்கும் அந்தப் பின்கட்டுதான் என்றான் அரிஃபின். அதனால்தானே உன்னைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறேன் என்று ஜோங்கி அவன் முதுகில் தட்டினான்.

மறுநாள் பைன் மரக் காட்டு வழியாக வளைந்து இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஏரி கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நின்று நின்று படம் எடுத்ததில் நேரம் போய்விட்டது. படகுத்துறைக்கு வந்தபோது அன்றைய கடைசிப் படகு புறப்படத் தயாராக இருந்தது. சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்கள், வெங்காய மூட்டைகள், கோழிக்கூடைகள் என்று கீழ்த்தளத்தில் கால் வைக்க இடமில்லை. படகோட்டி சவுத் ஐம்பது வயதைத் தாண்டியவர். அவருடைய மனைவி ரோதுவா டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தாள். சவுத் இவர்களைப் பார்த்ததும் கையை விரித்தார்.

ஜோங்கி அவருடைய அம்மா எந்தக் குலம் என்று கேட்டான். சவுத் தயங்கியபடி, சினாகா என்றார். தலைமுறைக் கணக்கை எண்ணிப் பார்த்ததில் ஜோங்கி அவருடைய தாய்க்குத் தம்பி முறை ஆனான். வயது என்னவானாலும் மாமன் மாமன்தான். மாமன் மனம் கோணினால் வயல் விளையாது, வீட்டில் பிள்ளை தங்காது என்று நம்புகிறவர்கள் நாங்கள். சவுத் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். அதுவரை ‘நீங்க’ என்று பேசிய ஜோங்கி உடனே ‘நீ’க்கு இறங்கினான்.

“மாமா, படகு நெறஞ்சு போச்சு. காத்து வேற எந்திரிக்கிற நேரம்,” என்றார் சவுத். “இந்தக் கரையில நம்ம அண்ணன் வீடு இருக்கு, ராத்திரி அங்க தங்குங்க. காலையில மொத ஆளா உங்களத்தான் ஏத்துவாங்க, நான் சொல்லி வைக்கிறேன்.”

“மாமன் கரையில நிக்கிறான், மருமகன் நீ படகை ஓட்டிட்டுப் போறியா? ஊர்ல போய் இதை எப்படிச் சொல்றது?”

ஜோங்கி சிரித்துக்கொண்டுதான் கேட்டான். சவுத் சிரிக்கவில்லை. காலையில் போகலாமே என்று அரிஃபின் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கீழே இடமில்லாததால் பைக் இரண்டையும் மேல்தளத்தில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். லைஃப் ஜாக்கெட் ஒன்று குறைந்தது. சவுத் தான் போட்டிருந்ததைக் கழற்றி ஜோங்கிக்கு மாட்டிவிட்டார். அவன் அதோடு ஒரு படம் எடுத்துக்கொண்டான். ரோதுவா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பாதி ஏரியில் காற்று வந்தது. மேலே பாரம் இருந்ததால் ஒவ்வொரு அலைக்கும் படகு சாய்ந்து, நிமிர மனமில்லாமல் நிமிர்ந்தது. ஒரு தடவை சாய்ந்தபோது தண்ணீர் உள்ளே வந்து வெங்காய மூட்டைகளை நனைத்தது. பெண்கள் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். சவுத் சுக்கானைப் பிடித்தபடி மேல்தளத்தைப் பார்த்தார். ஜோங்கியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் பேசாமல் திரும்பிக்கொண்டார். அவர் மேலே வெறும் சட்டைதான் இருந்தது. அதைப் பார்த்ததும் ஜோங்கியின் கை தன் ஜாக்கெட்டின் வாருக்குப் போனது.

ரோதுவா கம்பியைப் பிடித்துப் பிடித்து அவனிடம் வந்தாள்.

“வண்டியைத் தண்ணியில தள்ளணும். அது அவருக்கும் தெரியும். மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நிக்கிறாரு. கரையிலயும் இப்படித்தான், இல்லன்னு சொல்ல வாய் வரல. நீங்களே சொல்லிடுங்க மாமா. எனக்கு அவரு ஒருத்தருதான் இருக்காரு.”

ஜோங்கி எழுந்து ஏணியில் ஏறினான். மற்ற இருவரும் பின்னாலேயே ஏறினார்கள். ஈரக் கயிற்று முடிச்சை அவிழ்க்க முடியாமல் அரிஃபின் கத்தியால் அறுத்தான். முதலில் ஜோங்கியின் புது பைக் போனது. மச்சான் என்னைக் கொன்றே போடுவார் என்று முனகிக்கொண்டே மங்காராவும் தன் பங்குக்குத் தள்ளினான். படகு மெல்ல நிமிர்ந்தது. அதற்கப்புறமும் ஆடத்தான் செய்தது. ஆனால் கரை வந்து சேர்ந்தது.

இறங்கிய பெண்கள் சவுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பேராசை பிடித்தவன், பிள்ளைக்குட்டிக்காரி என்றுகூடப் பார்க்காதவன் என்று வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவர் குனிந்து படகைக் கட்டிக்கொண்டிருந்தார். ஜோங்கியை யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு சவுத் அவனிடம் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “உங்க வண்டி போயிடுச்சே மாமா. மன்னிச்சுக்குங்க,” என்றார். ஜோங்கிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஜாக்கெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான்.

தீவை பஸ்ஸிலும் நடந்தும் சுற்றினார்கள். அழகுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. சாப்பாட்டுக் கடையில் கடைக்காரர் குலம் கேட்டபோது ஜோங்கி சொன்னான். அவர் உறவு முறையைக் கண்டுபிடித்து மகிழ்ந்தார். இவனும் மகிழ்ந்தான். மீனுக்கும் சோற்றுக்கும் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு எழுந்தான்.

விடுமுறையின் கடைசி நாள் மாலை அவர்கள் துறைக்கு வந்தபோது சவுத்தின் படகுதான் கடைசியாக நின்றது. அன்றும் நிறைந்திருந்தது. மறுநாள் காலையில் மேடானில் கடை திறக்கும்போது மூவரும் அங்கே நிற்காவிட்டால் வேலை போனாலும் போகும். சவுத் இவர்களைக் கண்டதும் ஏறுபலகையில் வந்து நின்றார்.

“வாங்க மாமா, மூணு பேருதானே. நான் பாத்துக்கறேன்.”

மங்காரா ஒரு காலைப் பலகையில் வைத்துவிட்டான். ஜோங்கி அவன் பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

“மாமன் சொன்னா தட்ட மாட்டீங்கல்ல, மருமகனே? அப்ப இதையும் தட்டாதீங்க. படகு நெறஞ்சா நெறஞ்சதுதான். எந்த மாமன் வந்தாலும் சரி, நானே வந்து கெஞ்சினாலும் சரி, ஏத்தாதீங்க. உறவைச் சொல்லி ஒருத்தரைத் தப்பு பண்ண வைக்கிறது மரியாதையே இல்ல. அவரு உசுரையும் அடுத்தவங்க உசுரையும் வச்சு வெளையாடுறது. அதைத்தான் நான் அன்னிக்குச் செஞ்சேன்.”

சவுத் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து, ஏறுபலகையை உள்ளே இழுத்துக்கொண்டார். படகு துறையை விட்டு நகர்ந்தது. பின்பக்கத்தில் டிக்கெட் பையோடு நின்ற ரோதுவா இவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“இன்னைக்குத்தான் நீங்க எங்களுக்கு மாமா.”