வீட்டில் பேசும் பத்து வாக்கியங்கள்

1
இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. மருத்துவமனையின் இசை சிகிச்சை அறையில் கொடுத்தது. 'நோயாளி வீட்டில் பேசும் பத்து வாக்கியங்களை எழுதவும்.' நிரப்பியவள் மகள். அந்த மகள் நான்தான். ஆனாலும் 'மகள்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று போட்டால் கோபம்தான் வரும், கதை வராது.

2
முதல் தொடக்கம்: இசை என்பது மனித மனத்தின் ஆதிமொழி—

(அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாம் தொடக்கம்: பக்கவாதத்தில் அம்மாவுக்குப் பேச்சு போய் நான்கு மாதம். விடுதிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் இஸ்திரி போட்டவள், நீராவி இரைச்சலுக்கு மேல் கத்தியே பேசிப் பழகியவள், இப்போது 'ம்' என்கிறாள். ஆனால் பழைய பாட்டு எதையாவது போட்டால் சொல் பிசகாமல் பாடுகிறாள். அதெப்படி என்று இசை சிகிச்சையாளரிடம் மகள் கேட்டாள். பேச்சு போகிற வழி அடைபட்டாலும் பாட்டுக்கு வேறு வழி திறந்திருக்குமாம். அந்த வழியாகப் பேச்சை மெல்ல அழைத்து வருவதுதான் சிகிச்சை.

3
சிகிச்சையாளர் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்தால் டேப்லெட் மெட்டுப் போட்டுப் பாடும். அவர் அம்மாவின் இடது கையில் தாளம் தட்டுவார். அம்மா திருப்பிப் பாட வேண்டும். சரியாக வந்தால் திரையில் கோடு பச்சையாகும், தவறினால் சிவப்பு. ஆறு வாரமாக ஒரு பச்சைகூட இல்லை. நாளை மதிப்பீடு. ஒரு வாக்கியமாவது முழுதாக வராவிட்டால் அம்மாவின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

இன்று டேப்லெட் பாடியது: "தயவுசெய்து எனக்குத் தண்ணீர் கொடுங்கள்."

அம்மா, வீடு மாறி வந்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல் டேப்லெட்டைப் பார்த்தாள்.

கூட வந்திருந்த சித்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னடி இது, எங்கக்கா மந்திரிக்கு மனு குடுக்குறாளா?"

"மெதுவா பேசுங்க சித்தி."

"இவ என்னிக்குடி தயவுசெய்துன்னு சொல்லியிருக்கா? எவ எழுதிக் குடுத்தா இத?"

மகள் குனிந்து அம்மாவின் சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

4
(இங்கே மகளுக்கு ஒரு நியாயம் எழுதிப் பார்த்தேன். வீட்டில் முதல் பட்டதாரி. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அம்மா பேச ஆரம்பித்ததுமே 'படிச்சவங்க இருந்தா கூட்டிட்டு வாம்மா' என்றவர்கள் மேல் அவளுக்கு இன்னும்—

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வெட்கம். அம்மா பேசுகிறபடி எழுதினால் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம். பத்தையும் பரீட்சைத் தாள் மாதிரி எழுதிவிட்டாள்.)

5
"மேடம், படிவத்த மாத்தணும். நான் தப்பா எழுதிட்டேன்."

"அம்மா வேற எப்படிக் கேப்பாங்க?"

"ஏய் கழுதை, தண்ணி கொண்டா."

சிகிச்சையாளரின் விரல் நின்றது. "கழுதையும் போடணுமா?"

"போடுங்க. அது இல்லாம எங்கிட்ட தண்ணி கேட்டதே இல்ல."

டேப்லெட் கழுதையை இனிமையாக இழுத்துப் பாடியது. அம்மாவின் தோள் குலுங்கியது. நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. பிறகு வாயைத் திறந்தாள். "ஏ—"

கோட்டில் பச்சை பாதிவரை ஏறியது. அதற்குள் நேரம் முடிந்து அடுத்த நோயாளி வாசலில் நின்றார்.

6
மூன்று முடிவுகள் எழுதிவிட்டேன். ஒன்றில் பச்சை. ஒன்றில் சிவப்பு. மூன்றாவதில் அம்மா மெட்டைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் கத்த, இயந்திரம் தப்பு என்கிறது. சிகிச்சையாளர் தன் கையாலேயே பச்சையை அழுத்துகிறார். அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை.

மதிப்பீடு நாளை பத்தரைக்கு. அதற்கு முன் நான் எதை எழுதினாலும், படிவத்தில் பார்த்த அதே வேலையைத்தான், அம்மா வாயில் என் வார்த்தையை வைப்பதைத்தான், மறுபடி பார்ப்பேன்.

நீங்கள் வேண்டுமானால் முடித்துக்கொள்ளுங்கள். பச்சையோ சிவப்போ, உங்கள் இஷ்டம். அம்மா பேச வேண்டிய வரியை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள்.