பேதித் தண்ணியில் ஒரு பங்கு

என் மச்சினன் பேச்சிராஜின் வயிற்றைக் கலக்கியது நான்தான். குற்றாலத்தில் குளித்துவிட்டு, தலைகூடத் துவட்டாமல் தென்காசி ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தான். மறுநாள் காலை எனக்குப் பெருங்குடலில் ஆபரேஷன். குடலைக் கழுவ, பேதிப் பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருந்தார்கள். குமட்டியது. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவன் வேறென்ன செய்வான்? இரண்டு பழத்தைப் பிழிந்து விட்டிருந்தேன்.

"ஜூஸா அத்தான்?" என்றபடியே ஒரு டம்ளர் குடித்துவிட்டான்.

"இன்னொண்ணு குடிடே" என்று ஊற்றிக் கொடுத்தேன். பாசமெல்லாம் இல்லை. நான் குடிக்க வேண்டியதில் இரண்டு டம்ளர் குறையுமே.

ஒரு மணி நேரத்தில், இருந்த ஒரே கக்கூசுக்கு நாங்கள் இரண்டு பேர் போட்டி.

"ஏலே, கதவத் தொறலே!"

"இப்பம்தான் உக்காந்தேன் அத்தான்!"

பக்கத்துக் கட்டில் நாறும்பூநாதன் அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருபது வருஷத்துக்கு முன்பே இதே ஆபரேஷன் செய்துகொண்டவர். "எனக்கு மூணு நாளு வெறும் கஞ்சித்தண்ணி, வெளக்கெண்ணெ, கடைசியில ரெண்டு எனிமா. ஈர்க்குச்சியா ஆயிட்டேன். ஒமக்கு ஒரு பவுடரு, நாலு மாத்திரை. அதுலயும் பங்கு போடுதீரே வே! கொடலு சுத்தமில்லன்னா, மலம் போவ வயித்துல ஓட்டை போட்டுப் பை வச்சிருவாவ, பாத்துக்கிடும்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பைக்குத்தான் ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். டாக்டரிடம் கேட்டால், "உள்ள பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்." நர்ஸ் பெர்சிஸிடம் கேட்டால், "டாக்டர்ட்ட கேளுங்க."

பெர்சிஸைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். முகத்தை ஃபைலால் மறைத்துக்கொண்டு குலுங்கினாள். டாக்டருக்கு போன் போட்டுவிட்டு, இன்னொரு பாக்கெட் கொண்டுவந்தாள்.

பேச்சிராஜ் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தான். "தெரிஞ்சேதான் குடுத்தீயளா அத்தான்?"

"ஆமாடே."

பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தான். எலுமிச்சைகூட விடாமல் குடித்தேன். சாயங்காலம் தெளிந்த தண்ணீராகப் போனது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு எந்த அருவியிலும் கிடைத்ததில்லை.

மறுநாள் மயக்கம் தெளிந்ததும், "பை இருக்கா?" என்றேன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டு அத்தான்" என்றான் பேச்சிராஜ்.

"ரெஸ்ட் எடுங்க" என்றாள் பெர்சிஸ்.

என் மனைவி வேல்விழி போர்வையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பை இல்ல. வெறும் கட்டுதான்."