வாண்டு சொன்ன குறைகள்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நடந்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன். அது தெரியாமலிருக்க, முதலில் வீட்டுத் தரகரைக் கதைசொல்லியாக்கிப் பார்த்தேன்:

'விவாகரத்துக்குப் போயிருந்த ஒரு தம்பதியின் வீட்டை விற்றுத் தரும் வேலை என்னிடம் வந்தபோது, அந்த வீட்டில் ஒரு சிறுமி'

அதற்கு மேல் ஓடவில்லை. தரகர் பாவம், நல்ல மனிதர். அவர் தலையில் இதைக் கட்டுவானேன்? அந்தத் தம்பதியில் பாதி நான்தான்.

2

சிறுமிக்கு ஒன்பது வயது. வாண்டு என்று கூப்பிடுவோம். [ஆறு என்று குறைத்தால் நீங்கள் இன்னும் உருகுவீர்கள் என்று தோன்றியது. அடித்துவிட்டேன். ஒன்பது வயதுக்கு எல்லாம் புரியும், சிக்கலே அதுதான்.]

இப்போதைக்கு மூவரும் ஒரே வீட்டில், மூன்று அறைகளில் இருக்கிறோம். வாண்டு யாரோடு இருப்பாள் என்று அடுத்த மாதம் நீதிபதி சொல்வார். அவள் அம்மாவும் கேட்கிறாள், நானும் கேட்கிறேன். வீட்டை விற்பதில் மட்டும் எங்களுக்குள் தகராறு இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம்.

வாண்டு போட்ட திட்டம் வேறு. வீடு விற்காவிட்டால் யாரும் எங்கேயும் போக முடியாது. ஆகவே பார்க்க வருபவர்கள் கூடவே நடந்து குறை சொல்வாள்.

"சமையலறை ஜன்னல் சரியா மூடாது. மழை பெஞ்சா உள்ள தண்ணி வரும்."

"அலமாரிக்குப் பின்னாடி சுவர் ஊறிப்போயிருக்கு. அதை மறைக்கத்தான் அப்பா அங்க நகத்தி வச்சாரு."*

மூன்று குடும்பங்கள் வந்த வழியே போய்விட்டன. நான் பத்திரிகையில் பிழை திருத்துபவன். மகளுக்கும் அந்தக் கண் வாய்த்திருக்கிறதே என்று உள்ளூரப் பெருமைகூடப் பட்டேன். வெட்கக்கேடு.

* உண்மைதான்.

3

ஞாயிற்றுக்கிழமை நான்காவது குடும்பம் வந்தது. கணவர், நிறைமாத மனைவி. அந்த அம்மாவுக்கு வீடு பிடித்துவிட்டது. ஜன்னலுக்கும் சுவருக்கும் அவர் அசரவில்லை.

"அதெல்லாம் சரி பண்ணிக்கலாம்டா கண்ணு" என்றார். வாண்டுவின் அறையில் தொட்டிலை எங்கே போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வாண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ரூம்ல பாப்பா தூங்காது ஆன்ட்டி. அந்தப் பக்கம் பாத்ரூம். குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதாக்கூட இங்க கேக்கும்."

[இங்கே 'கனத்த மௌனம் நிலவியது' என்று எழுதியிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. தரகர் இருமினார்.]

குழாயைத் திறந்துவிட்டு அழுதவன் நான். நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் என் மனைவியின் முகம் வெளுத்திருந்தது. ஒருவருக்கொருவர் தெரியாமல் இருவரும் அதே குழாயைத்தான் திறந்திருக்கிறோம். வாண்டுவுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

அந்தக் கணவர் என்னைப் பார்த்தார்.

"உண்மையா சார்?"

4

முடிவு ஒன்று: "ஆமா, கேக்கும்" என்கிறேன். அவர்கள் போய்விடுகிறார்கள்.

முடிவு இரண்டு: நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அம்மா "உண்மைதாங்க" என்கிறாள். நாங்கள் இருவரும் வாண்டுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து [இது ஆசை. கதை இல்லை.]

நடந்தது இது. "சும்மா சொல்றா சார். சின்னப் பொண்ணு, வீட்டை விட்டுப் போக மனசில்ல" என்றேன். சிரிக்கவும் செய்தேன். அவள் அம்மா "ஆமாங்க" என்றாள். ஒத்துப்போன இரண்டாவது விஷயம்.

வாண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவில்லை. அதன்பிறகு ஒரு குறையும் சொல்லவில்லை. அவர்கள் கிளம்பும்போது, வாசல் விளக்குக்கு எந்த சுவிட்ச் என்று தானாகவே காட்டிக் கொடுத்தாள்.

5

வியாழக்கிழமை வீட்டு விற்பனைக்குக் கையெழுத்து. அடுத்த மாதம் நீதிபதி வாண்டுவைத் தனியாகக் கூப்பிட்டு, யாரோடு இருக்க ஆசை என்று கேட்பாராம். அவளைப் பொய் சொல்பவளாக்கிய இருவரில் ஒருவரை அவள் சொல்லியாக வேண்டும்.

இதற்கு முடிவு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. உங்களிடம் ஓர் உதவி மட்டும் கேட்கிறேன். வீடு பார்க்க வந்தவர் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாண்டு இன்னும் கட்டில் விளிம்பில்தான் இருக்கிறாள். அவள் காதில் விழும்படி என்னை இன்னொரு தடவை கேளுங்கள், உண்மையா என்று.