வௌவாலும் மூஞ்சூறும்

ஓரிக்கைக்கு அடுத்த சிற்றூரில் ஒரே மாதத்தில் ஐந்து பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். விலங்குகளின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர்.

"எங்க வூட்ல எலியே கெடையாது. தலைக்கு மேல தொங்கிக்கினு இருக்குதே, அதுங்கதான். மரத்த வெட்டிடணும்" என்றார் ஊர்த்தலைவர் வீராசாமி.

அவர் சொன்னது இலுப்பை மரத்துப் பழந்தின்னி வௌவால்களை. மரம் சமணரான சந்திரப்பிரபுவின் நிலத்தில் இருந்தது. அவர் மகள் பிராமி விலங்கியல் ஆராய்ச்சி மாணவி.

"ஒரு மாசம் டைம் குடுங்க. டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன்" என்று கேட்டாள்.

விடியற்காலையில் மரத்தடியில் பிளாஸ்டிக் விரித்து வௌவால்களின் சிறுநீரைச் சேகரித்தாள். வீடுகளில் கூண்டு வைத்து மூஞ்சூறுகளைப் பிடித்து, மாதிரி எடுத்ததும் விட்டுவிட்டாள். கையில் ஏறிய நாற்றம் எத்தனை சோப்பு போட்டாலும் போகவில்லை.

முடிவு தெளிவாக வந்தது. வௌவால் மாதிரி ஒன்றில்கூடக் கிருமி இல்லை. பதினெட்டு மூஞ்சூறுகளில் ஏழில் இருந்தது.

வீராசாமி அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மூஞ்சூறா? புள்ளையார் வாகனம்மா அது. அதும் மேல பழி போடுறியே!"

மறுநாள் அவள் பல்கலைக்கழகம் போயிருந்தபோது மரம் அறுபட்டது. திரும்பியபோது, பறக்கத் தெரியாத குட்டிகள் தரையில் கிடந்தன. சில இன்னும் செத்த தாயின் மார்பைக் கவ்விக்கொண்டிருந்தன. மரத்தை வெட்டச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தவர் அவள் அப்பா.

"நாம பூச்சியக்கூட மிதிக்க மாட்டோம்னு சொல்லிச் சொல்லித்தானப்பா என்ன வளத்தீங்க?"

"ஊரே வாசலாண்ட வந்து நின்னா நான் என்னாம்மா பண்றது? நாம இருக்கறது ரெண்டே வூடு."

பிராமி உயிரோடிருந்த நான்கு குட்டிகளைத் துணியில் சுற்றிப் பால் புகட்டினாள். மூன்று நாளில் நான்கும் செத்தன.

அடுத்த வாரம் பிராமியின் தெருவில் கமலாட்சிக்கும் அதே காய்ச்சல் வந்தது. பிராமி வீடு வீடாகப் போய், அரிசியை மூடி வையுங்கள், குப்பையை அள்ளுங்கள், ஈரத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று சொன்னாள்.

கமலாட்சியின் மகள் மட்டும் கடைசிவரை கேட்டாள். பிறகு சொன்னாள்: "வௌவால் விஷம் இன்னும் மண்ணுல இருக்குதாம்கா. மரத்த முன்னாடியே வெட்டியிருக்கணும். நீதான் டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு ஒரு மாசம் தள்ளிட்டியாம். எல்லாரும் அதத்தான் பேசிக்கினு இருக்காங்க."