ஒரு தடவைக்கு ஒரு வட்டம்

1.

இந்தக் கதை ஒரு சிவப்புப் பேனாவிலிருந்து வந்தது. பேனா என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ‘ஆகா, திருப்பம்’ என்று கைதட்டுவீர்கள். எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டாம்.

நான் ஒரு பெரிய சலவை ஆலையில் பதிவுக் குமாஸ்தாவாக இருந்தேன். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் லாரி லாரியாக அழுக்கு விரிப்புகள் வரும். வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புவோம். உள்ளே எது உடைந்தாலும், யாருக்கு அடிபட்டாலும், அந்தப் பிரிவின் மேற்பார்வையாளர் இங்கிலீஷில் ஓர் அறிக்கை எழுதி என் ஜன்னலுக்குக் கொண்டுவர வேண்டும். நான் படித்து, பதிவேட்டில் ஏற்றி, ஓர் எண் கொடுப்பேன். எண் இருந்தால்தான் மெக்கானிக் வருவார். எண் இல்லாவிட்டால் எதுவும் உடையவில்லை, யாருக்கும் அடிபடவில்லை.

பிழையுள்ள அறிக்கைக்கு எண் கிடையாது. பிழையைச் சிவப்பில் வட்டமிட்டு, பக்கத்தில் என் சுருக்கொப்பமும் தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். வேலையில் நான் அவ்வளவு சுத்தம். இதுவரை நியாயம்தானே? இனிமேல்தான் விஷயம். மேனேஜர் எனக்கு வாய்மொழியாக ஒரு விதி சொல்லியிருந்தார்: “ஒரு தடவைக்கு ஒரு வட்டம்.” ஆறு பிழை இருந்தாலும் ஒன்றைத்தான் காட்ட வேண்டும். அதைத் திருத்திக்கொண்டு வந்தால் அடுத்தது. நாலு தடவை நடந்தால் யாருக்கும் கால் வலிக்கும். மெஷினை நிறுத்தச் சொல்ல வந்தவர் மெஷினோடு சமாதானமாகிவிடுவார்.

2.

முதல் தொடக்கம்: “அன்று காலை ஆலையெங்கும் நீராவி—” வேண்டாம். நீராவியில் தொடங்கினால் அடுத்த வரியில் மேகம் வரும், அதற்கடுத்த வரியில் கண்ணீர் வரும்.

இரண்டாவது: “அவள் ஓர் எளிய பெண்—” அடித்துவிட்டேன். எளிய பெண்ணா? அவளிடம் ஒரு நிமிஷம் வாய் கொடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது தேறும் போலிருக்கிறது. அவளை ஆலை முழுக்கக் கறைக்காரி என்றுதான் கூப்பிடும். ஒன்பது வருஷம் கறை நீக்கும் பிரிவில் இருந்துவிட்டு இஸ்திரிப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக வந்தவள். விரிப்பைக் கையிலெடுத்தாலே இது காப்பி, இது துரு, இது ரத்தம், இதை அவசரத்தில் எவனோ வெந்நீரில் அலசியிருக்கிறான் என்று புட்டுப் புட்டு வைப்பாள்.

அவள் பிரிவில் ஓர் உருளை மெஷின். ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே போய் மறுபக்கம் மொடமொடவென்று வரும். கையும் கூடவே போய்விடாமலிருக்க முன்னால் இடுப்பளவு ஸ்டீல் தடுப்பு. அந்தத் தடுப்பு கழன்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மடிப்பக்காவின் கை (மடிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதனால் அந்தப் பேர்) விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. பிரேக் பிடிக்கவில்லை. நாலு விரல் வெந்துவிட்டது.

[இங்கே அந்த அலறலை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்ததால் எடுத்துவிட்டேன்.]

மறுநாள் அதே இடத்தில் நிற்க மேனேஜர் வேறொருத்தியை அனுப்பினார். கறைக்காரியின் கூடப் பிறந்த தங்கை.

3.

கை வெந்த அன்றே கறைக்காரி அறிக்கையோடு வந்துவிட்டாள். ஒரே பக்கம். படித்தேன். எது கழன்றது, எது பிடிக்கவில்லை, எந்தக் கை, எத்தனை மணி, எல்லாம் புரிந்தது. ஆறு பிழைகளும் அப்போதே கண்ணில் பட்டன. ஒரே மாதிரி ஒலித்து, ஒரே மாதிரி முகம் காட்டி ஆளைக் கவிழ்க்கிற இங்கிலீஷ் சொற்கள் உண்டே, அவைதான். வண்டியை நிறுத்துகிற பிரேக் வர வேண்டிய இடத்தில் உடைகிற பிரேக். இடுப்பு வேஸ்டுக்குப் பதில் குப்பை வேஸ்ட். உலோக ஸ்டீலுக்குத் திருட்டு ஸ்டீல். புண் ஆறுகிற ஹீலுக்குக் குதிகால் ஹீல். அசையாமல் நிற்கிற ஸ்டேஷனரிக்குக் காகிதமும் பேனாவும் விற்கிற ஸ்டேஷனரி. விரலை இழக்கிற லூஸுக்குத் தொளதொள லூஸ்.*

* மறுபடி படித்துப் பாருங்கள். பிரேக், பிரேக். ஸ்டீல், ஸ்டீல். அவள் செய்த பிழை எங்கே? காணோம். தமிழ் எழுத்தில் எல்லாம் ஒன்றுதான், போங்கள். வேண்டுமென்றேதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் எந்தக் கொம்பனாலும் அவளை வட்டமிட முடியாது.

பிரேக்கை மட்டும் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

(மேனேஜர் ஒருமுறை டீ நேரத்துக்கு நோட்டீஸ் ஒட்டினார். அதில் இருந்தது வண்டியை நிறுத்துகிற பிரேக். ஒரு வருஷம் சுவரில் தொங்கியது. அதற்கு நான் வட்டம் போடவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.)

புதன்கிழமை புதுத் தாளில் எழுதி வந்தாள். வேஸ்ட். வியாழன், ஸ்டீல். வெள்ளி, ஹீல். ஒவ்வொரு புதுத் தாளிலும் அன்றைய தேதிதான் போட வேண்டும். அதுவும் விதி.

வெள்ளிக்கிழமை அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை.

“சார், எல்லாத்தையும் ஒரே தடவையில காட்டிடக் கூடாதா?”

“ரூல் அப்படி இல்லம்மா.”

“அந்த ரூல் எங்க எழுதியிருக்கு?”

நான் பதிவேட்டின் மூலையை நீவிவிட்டேன்.

“என் தங்கச்சி அங்க நிக்கிறா சார். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிறா.”

“நாளைக்கு ஆபீஸ் லீவு. திங்கக்கிழமை கொண்டு வாங்க, பாக்கலாம்.”

[முதல் பிரதியில் இங்கே ‘என் நெஞ்சு கனத்தது’ என்று எழுதியிருந்தேன். பொய். பசித்தது. சாப்பாட்டு நேரம்.]

4.

ஞாயிற்றுக்கிழமையை நான் பார்க்கவில்லை. ரொம்ப நாள் கழித்துத் தங்கை சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

அக்காவும் தங்கையும் மதியம் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய டிக்ஷனரி நடுவில். அறிக்கையிலிருந்த ஒவ்வொரு சொல்லையும் தேடினார்கள்.

“அக்கா, ‘அண்ட்’ கூடவா பாக்கணும்?”

“பாருடி. எந்தப் புத்துல எந்தப் பாம்பு இருக்குமோ.”

மீதி இரண்டும் சிக்கின. அதற்கப்புறம்தான் கறைக்காரி நாலு தாள்களையும் வரிசையாகப் பரப்பினாள். பரப்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஆறும் முதல் தாள்லயே இருக்குடி.”

“அப்படின்னா?”

“அப்படின்னா அந்த ஆளு அன்னைக்கே ஆறையும் பாத்துட்டான். ஒண்ணொண்ணா எடுத்து விடுறான். வேணும்னே இழுத்தடிக்கிறாங்க.”

“போகட்டும் விடுக்கா. நாளைக்குப் பிழையில்லாம எழுதிக் குடுத்துடு. நம்பர் குடுத்துத்தானே ஆகணும்?”

“குடுத்தா திங்கக்கிழமைத் தேதி விழும். மடிப்பக்கா கை வெந்தது செவ்வாய்க்கிழமை. இத்தனை நாளா வாயில என்ன வச்சிருந்தேன்னு என்னையத்தான் கேப்பாங்க.”

[இதைப் படித்த நண்பர் ஒருவர், சலவை ஆலைப் பெண்ணுக்கு இவ்வளவு தோன்றுமா என்று சந்தேகப்பட்டார். இந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்றார். குறைக்க மாட்டேன். ஒன்பது வருஷம் கறையைப் பார்த்தே யார் என்ன செய்தார்கள் என்று சொன்னவளுக்கு ஒரு சிவப்பு வட்டம் எம்மாத்திரம்? சந்தேகப்பட வேண்டிய பாத்திரம் இந்தக் கதையில் வேறொருவன்.]

5.

திங்கள் காலை ஷிப்ட் தொடங்கியதும் அவள் உருளை மெஷினை அணைத்தாள். சாவியை உருவி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். தங்கையிடம், “கையக் கட்டிக்கிட்டு உக்காரு” என்றாள். நேராக என் ஜன்னலுக்கு வந்து ஒரு தாளை வைத்தாள்.

அது செவ்வாய்க்கிழமைத் தாள். முதல் தாள். அதில் என் வட்டம் ஒன்று. மீதி ஐந்து பிழைகளுக்கும் அவளே சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள், என்னுடையதைவிட உருண்டையாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரியான சொல் பென்சிலில்.

“ஆறும் ஆச்சு சார். உங்களுக்கு வேலை மிச்சம். நம்பர் போடுங்க.”

“புதுத் தாள்ல எழுதிக் கொண்டாங்கம்மா.”

“மாட்டேன்.”

“பிழையோட நம்பர் போட முடியாது.”

“இந்த வட்டம் யாரு போட்டது?”

நான் பேனாவின் மூடியைத் தேடினேன்.

“பக்கத்துல கையெழுத்து யாரோடது? தேதி என்ன போட்டிருக்கு? வாசிங்க சார். நீங்க நல்லா இங்கிலீஷ் வாசிப்பீங்களே.” அவள் குரல் உயரவே இல்லை. “கை வெந்த அன்னைக்கே நீங்க படிச்சிருக்கீங்க. புரிஞ்சுதான் வட்டம் போட்டிருக்கீங்க. நாளைக்கு இன்னொரு கை உள்ள போச்சுன்னா, எங்களுக்குத் தெரியாதுன்னு இந்த ஆபீஸ்ல ஒருத்தரும் சொல்ல முடியாது. இந்தத் தாள் பேசும்.”

எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறேன் பாருங்கள். என் சுத்தமே என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தத் தடவை பொய்யில்லை.

இன்டர்காம் அலறியது. மேனேஜர். “விரிப்பு ஒண்ணுகூட வரலயே, அங்க என்னய்யா நடக்குது?”

“சொல்லுங்க சார்” என்றாள் கறைக்காரி. “சாவி என்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க. நம்பர் வந்தா மெக்கானிக் கையில குடுப்பேன், வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

அவளுக்குப் பின்னால் இஸ்திரிப் பிரிவு முழுக்க வந்து நின்றிருந்தது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

6.

முடிவு ஒன்று: நான் எண் போட்டேன். மெக்கானிக் ஓடி வந்தார். [எழுதிப் பார்த்தேன், சகிக்கவில்லை. அத்தனை நாள் இழுத்தடித்தவன் ஓர் எண்ணைப் போட்டு நல்லவனாகிவிடுவதா? அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: தாளைத் திருப்பித் தள்ளினேன். காவலாளி வந்து அவளை— [முடியாது. அவளை வெளியேற்றினால் என்னை நாலு திட்டுத் திட்டிவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள்.]

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். இப்போது எழுந்துகொள்கிறேன். நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். இழுப்பறையில் இரண்டு பேனா இருக்கிறது, எண் போட நீலம், வட்டமிடச் சிவப்பு. இன்டர்காம் இன்னும் அலறுகிறது. அவள் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

இதோ அவள் அறிக்கை, தமிழில். ஏதாவது ஒரு வரி உங்களுக்குப் புரியவில்லை என்றால் வட்டமிடுங்கள்.

*உருளை மெஷினின் இடுப்பளவு ஸ்டீல் தடுப்பு கழன்றிருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை. இன்று காலை பத்தேகால் மணிக்கு என் பிரிவில் ஒருவருடைய வலது கை உள்ளே போய் நாலு விரல் வெந்துவிட்டது. புண் ஆற மாதக்கணக்காகும். விரல்களை இழக்கவும் கூடும். சரிசெய்யும்வரை மெஷின் அசையாமல் நிற்க வேண்டும். நாளை அங்கே இன்னொருவர் நிற்பார்.*

*பதிவு எண்: ____________*