கடைசியில் இழுக்கணும்

கண்ணாயிரத்துக்குக் கோபம் வரவைப்பது பூமாலைக்குக் கைவந்த கலை. பெரிய சண்டையெல்லாம் வேண்டாம். சோற்றைப் போட்டுவிட்டு, "சென்சாய், சாப்பிட வாங்க" என்றால் போதும்.

"சாய் இல்லடி, ஸே! சென்ஸேஏ. கடைசியில இழுக்கணும். எத்தினி வாட்டி சொல்றது?"

புருசன் பேரைச் சொல்லும் வழக்கம் களமருதூரில் அவள் பிறந்த வீட்டில் இல்லை. கட்டிக்கொண்ட புதிதில் எப்படிக் கூப்பிடுவது என்று முழித்தவளுக்கு, அவரிடம் கராத்தே படிக்கும் பிள்ளைகள் வாத்தியாரைக் கூப்பிடும் அந்த ஜப்பான் வார்த்தை தோதாகக் கிடைத்தது. சரியாகச் சொல்லத் தெரியாமல் இல்லை. சரியாகச் சொன்னால் மனுசன் பேசாமல் சாப்பிட உட்கார்ந்துவிடுவாரே!

வார்த்தை விஷயத்தில் அவருக்கு ஆறாத காயம் ஒன்று உண்டு. வெள்ளிமலைப் பிள்ளைகளைச் சென்னைக்குப் போட்டிக்குக் கூட்டிப்போயிருந்தார். "இச்சு, நீயி, சானு" என்று ஜப்பான் ஒண்ணு, ரெண்டு, மூணுக்கெல்லாம் நம்ம ஊர் வாலை ஒட்டி அவர்கள் கத்த, மேடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நன்றாக உதைத்த பிள்ளைகள் அழுதுகொண்டே ஊர் திரும்பின. அன்றிலிருந்து செல்போனில் ஜப்பான்காரர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, பல் துலக்கும்போதுகூட "இச்சி, நி, ஸன்" என்று பழகினார். மலைக்குப் போகும் பஸ்ஸில் முணுமுணுத்துப் பைத்தியம் என்று பேர் வாங்கினார். பிறகு கள்ளக்குறிச்சியில் அவர் பிள்ளைகள்போல் சுத்தமாகச் சொன்னவர் கிடையாது.

அந்த வாய்தான் போனது. வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் வாதம் அடித்தது. வலது கை மெல்லத் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. பாழாய்ப்போன விதிக்கு வேறு இடமா கிடைக்கவில்லை!

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள்: "அவருக்குப் பழகின வார்த்தையா சொல்லிக்கினே இருங்கக்கா. ஒருநாள் திருப்பிச் சொல்வாரு."

பூமாலைக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஊட்டும்போதெல்லாம், "சென்சாய், வாயத் தெறங்க" என்பாள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாள். தீபாவளி போனது, பொங்கலும் போனது. அவர் அமைதியாக மென்றுகொண்டிருந்தார்.

அவர் தங்கை இருசம்மாளுக்கே பொறுக்கவில்லை. "இன்னாத்துக்கு அண்ணி தப்பாவே சொல்லிக்கினு கீறீங்க?"

"திட்டட்டும்னுதான். ஒரேயொரு வாட்டி திட்டிட்டா எம் மனுசன் திரும்பி வந்துட்டாருன்னு அர்த்தம்."

மாசியில் ஒரு காலை, கூழ் ஊட்டிக்கொண்டிருந்தவளின் மணிக்கட்டை அவர் பிடித்தார். உதடு கோணி நடுங்கியது.

"செ..."

பூமாலை அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

"சென்... சாய்."

புருவம் நெரியவில்லை, கோபமும் இல்லை. பாடம் ஒப்பித்த பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். சரிதானா என்று அந்தக் கண் கேட்டது. இத்தனை மாதமும் அவள் வேண்டுமென்றே செய்த தப்பை, ஒரு எழுத்து பிசகாமல் அவர் படித்து வைத்திருந்தார்.

'சாய் இல்லங்க' என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ரொம்ப சுத்தமா சொன்னீங்க" என்றாள்.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. சந்தோஷம் தாங்காமல், இன்னும் உரக்கச் சொன்னார்: "சென்சாய்!"

பூமாலை கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைத் திருத்த இனி அந்த வீட்டில் ஆளில்லை.